அந்த ஒரு ஓட்டு

எஸ்தர், உன் அப்பாவுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து, ரேடியோவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்படி மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, விடுங்கம்மா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். காகிதத்தில் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, வரி மேலும் கீழும்தான் போகும். உன் மகள் இந்த வருஷம்தான் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். எங்காவது புரியாவிட்டால் அவளைக் கேள், என் படிப்பும் அவள் படிப்பும் ஒன்றுதான். ஆனால் முதலில் தனியாக வாசி. பிறகு உங்கள் குழுவில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இதைப் போட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போடு.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த உங்கள் செயலிக் கூட்டத்தில், நீ கொண்டுவந்த விதி ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து விழுந்தது. எந்த விஷயத்திலும் கடைசி வார்த்தை என்றைக்கும் உன்னுடையதாக இருக்கும் என்ற விதி. அந்த ஓட்டு யாருடையது என்று நீ நினைத்து நினைத்துப் பார்த்திருப்பாய். என்னுடையது, மகளே. நான் "ஆம்" என்று போனில் அமுக்கியிருந்தால் நீ ஜெயித்திருப்பாய். "இல்லை" என்று அமுக்கினேன். கை தவறி அல்ல, தெரிந்துதான் அமுக்கினேன்.

கோபம் வந்தால் காகிதத்தைச் செத்த நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் படி. நான் எங்கிருந்து அந்த இடத்துக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று மூன்றாம் வருஷம் சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. பேப்பரை எழுத்து விடாமல் படித்த மனுஷன், பால் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துப் பச்சையா நீலமா என்று கேட்கிற நிலைக்கு வந்தார். நீ அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாய். பகலெல்லாம் கம்பெனிக்கு உழைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இரண்டு சிநேகிதிகளோடு உட்கார்ந்து, போனைக் காகிதத்தின் மேல் பிடித்தால் அதில் இருக்கும் தமிழை உரக்க வாசிக்கிற செயலியை எழுதினாய். அதை விற்கலாம் என்று உன் மாமனார் சொன்னார். நீ மாட்டேன் என்றாய். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்திக் கொடுக்கலாம், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. அதைக் கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வருஷம் சேலத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் வந்து வேலையை வாங்கிச் செய்தபோதுதான், என் வயிற்றில் பிறந்தது என்ன காரியம் செய்திருக்கிறது என்று விளங்கியது.

அந்தப் பன்னிரண்டு மாத்திரை விவகாரம் உனக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்த சீட்டில் காலையில் அரை மாத்திரை என்பதை ஒன்று, ஒரு கோடு, இரண்டு என்று போட்டிருந்தார்கள். புதிய பதிப்பு அந்தக் கோட்டைப் பார்க்காமல் பன்னிரண்டு என்று வாசித்தது. உன் அப்பா கூடத்திலிருந்து கூப்பிட்டார். "ஏட்டி, உன் மக மெசினு என்னையப் பன்னெண்டு மாத்திரை முழுங்கச் சொல்லுது. தாயும் மகளும் பேசி வச்சிட்டீகளா?" முதலில் சிரித்தேன். பிறகு, கூட ஆள் இல்லாத கண் தெரியாதவர் ஒருவர் இதைக் கேட்டு எண்ணி எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். உடனே உனக்குப் போன் போட்டேன். "வீட்டுக்குள்ள சொன்னா அது என் காதோட நின்னுரும்மா. எல்லாரும் பாக்குற எடத்துல எழுதுங்க" என்றாய். உன் அம்மா என்று காட்டாமல் எழுதவும் சொன்னாய். ஒரு பொழுது முழுக்கக் குத்திக் குத்தி நாலு வரி எழுதினேன்.

அதற்குக் கதிர் என்ன பதில் போட்டார் என்பதும் உனக்குத் தெரியும். வாசிக்கிற பகுதி முழுவதையும் எழுதியவர், தேனிக்காரர், கெட்டிக்காரர். காகிதம் கசங்கியிருந்திருக்கும், ஒன்றும் தெரியாதவர்கள் எல்லாம் குறை எழுத வந்தால் வேலை செய்கிறவன் எப்படிச் செய்வது என்று போட்டிருந்தார். நான் வேலை பார்த்த மில்லில் சூப்பர்வைசர் வாயால் வாங்காத பேச்சா, ஆனாலும் அன்றைக்குச் சுருக்கென்றது. நீ என் மகளாக வந்து சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ அப்படி வரவில்லை. அந்தச் சீட்டைப் போலவே பத்துக் காகிதம் அச்சடித்து, பத்திலும் கோடு விழுங்கப்படுவதைக் காட்டினாய். இங்கே குறை சொல்வதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டாம், சொன்ன குறை உண்மையா என்று மட்டும்தான் பார்ப்போம் என்று இரண்டே வரி எழுதினாய். அந்தத் திருத்தத்தைக் கதிரையே செய்யவைத்து, அவர் பெயரையும் போட்டு நன்றி சொன்னாய். அவரைத் துரத்தவும் இல்லை, எனக்காக வாதாடவும் இல்லை. அன்றைக்குத் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, என் மகளைத் தெரியுமா உங்களுக்கு என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

பிறகு பஸ் போர்டு பற்றி ஒன்று, வயதானவர்களுக்கு அது பேசுகிற வேகம் பற்றி ஒன்று என்று இன்னும் இரண்டு குறை எழுதினேன். ஒருவர் எழுதிய மூன்று குறை ஏற்கப்பட்டால் அவர் உறுப்பினர், அவருக்கு ஓர் ஓட்டு என்பது நீங்கள் போட்ட விதி. பஞ்சாயத்துக்கும் சட்டசபைக்கும் போட்ட ஓட்டெல்லாம் இந்த ஊரில் பிறந்ததற்காகக் கிடைத்தது. இது நான் வேலை செய்து சம்பாதித்த ஓட்டு. அதனால்தான் அதை உன் அம்மா என்ற உரிமையில் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் பழைய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரியாத ஒரு பகுதி அதில் இருக்கிறது. நம் சர்ச் சபையின் பண்டிகை அசன விருந்துக்கு வத்திராயிருப்பு, மகாராஜபுரம் பக்கமிருந்தெல்லாம் ஜனம் வந்து பந்தியில் உட்காரும். கூலிக்குச் சமையல்காரர் கிடையாது. சபையாரே வெட்டி, வேகவைத்து, பரிமாற வேண்டும். பதினாலு வருஷம் பெண்கள் பக்கத்து வேலைக்கு நான்தான் தலை. ஸ்டோர் அறைச் சாவி என் இடுப்பில். காய் யார் வெட்டினாலும் சரி, குழம்புக்கு உப்பும் புளியும் நான் வந்துதான் போட வேண்டும். அளவு கேட்டால் என் கைக்குத்தான் தெரியும் என்பேன். கேட்டவர்கள் இரண்டு வருஷம் கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டார்கள். அதற்குப் பிறகு நாலைந்து பேர் வெங்காயம் உரிக்க வருவதையும் விட்டார்கள். அவர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நான் உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, பண்டிகை அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் கொதித்தது. என்னோடு சமைக்கிற தங்கம் அக்கா ஆள் அனுப்பிக் கேட்டார்: "உப்பு எம்புட்டுன்னு மட்டும் சொல்லிவிடு தாயி, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்." நான் சொல்லி அனுப்பியது என்ன தெரியுமா? "யாரும் கை வைக்காதீக. நான் வாரேன்." போனேன், சர்ச் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே விழுந்தேன். பாதிப் பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். மீதிப் பேர் நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, உப்பில்லாத அண்டாக்களைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒருத்தி துணிந்து போட்டு முடிப்பதற்குள், மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வந்த கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் பஸ் போய்விடும் என்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டார்கள்.

உனக்குத் தெரியாத பகுதி இதுதான். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது தங்கம் அக்கா வந்து இதைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். ஆனால் உள்ளே ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தீர்களா, நான் இல்லாமல் நடக்கவில்லை என்ற சந்தோஷம். பசித்துப் போனவர்களை நினைத்து அழுகிற அதே நேரத்தில் அந்தச் சந்தோஷமும் இருந்தது. இதை நான் இதுவரை ஜெபத்தில்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் நீ ஒரு படியும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாய். நான் உப்பை அள்ளும்போதெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தி, படியில் கொட்டி அளந்து, எழுதி, அதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டோர் கதவில் தொங்கவிட்டாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. அதற்கடுத்த வருஷம் தங்கம் அக்கா அட்டையைப் பார்த்துப் போட்டார், குழம்பு அப்படியே என் குழம்பு. விட்டுப்போன பெண்களில் மூன்று பேர் திரும்ப வந்தார்கள். இப்போது நானும் போகாத, தங்கம் அக்காவும் போகாத வருஷத்தில்கூட அசனம் நடக்கிறது. அதைச் செய்தது நீ. உன் செயலியில் எந்தத் திருத்தத்தையும் இரண்டு பேர் பார்க்காமல் சேர்ப்பதில்லை, மறுத்தால் காரணம் எழுதாமல் மறுப்பதில்லை என்று பழக்கி வைத்திருக்கிறாயே, அதெல்லாம் அந்த அட்டை எழுதின அதே புத்தி என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவள் ஏன் கடைசி வார்த்தையைத் தனக்கென்று கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். படம் பிடித்த காகிதங்களை எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் இன்னும் நன்றாக வாசிக்கும் என்று சிலர் சொன்னார்கள். நீ மறுத்தாய். ஜனங்களின் மருந்துச் சீட்டும் பேங்க் பாஸ்புக்கும் அவரவர் போனை விட்டு வெளியே போகக்கூடாது என்றாய். உன் அப்பாவின் சீட்டை நினைத்துப் பார்த்தால் நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்குத் தடுத்தாயிற்று, நாளைக்குப் பெரும்பான்மை மாறினால் யார் தடுப்பது என்று பயந்து அந்த விதியைக் கொண்டுவந்தாய். ஓட்டுப் போட ஒரு வாரம் இருந்தது. உன் அப்பாவிடம் யோசனை கேட்டேன். "ஸ்டேசன்ல நம்ம சொந்தக்காரன் கேசு வந்தா நான் ஒதுங்கிக்கிடுவேன். நீயும் ஒதுங்கேன்" என்றார். யோசித்தேன். ஒதுங்கினால் எனக்குத் தோன்றுவதை யாருக்கும் சொல்லாமல் விழுங்கிவிட வேண்டும், உன் முகம் பார்த்துப் போட்டால் அந்த ஓட்டை நான் சம்பாதித்ததற்கு அர்த்தமில்லை. காகிதம் போனை விட்டு வெளியே போகக்கூடாது என்பதை விதியாக எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். நீ எழுதியது உன் பெயரை. நாளைக்கு உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அத்தனை பேரும் உப்பில்லாத அண்டாவைச் சுற்றி நிற்பார்கள். நின்றால்கூடப் பரவாயில்லை, அதைக் கேட்டு என் மகளுக்கு உள்ளே ஒரு மூலையில் சந்தோஷம் வந்துவிடக்கூடாது என்றுதான் "இல்லை" என்று அமுக்கினேன்.

நான் செய்த தப்பு அமுக்கியது அல்ல. அமுக்குவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லாததுதான்.

கூட்டத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் சமையல் நடந்தது, எங்கள் சபைப் பெண்கள் கூட்டம்தான் வந்திருந்தது. "ஏட்டி, இம்புட்டுப் பேரும் சம்பளமில்லாமயா வேலை பாக்காவ?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "நீ என்ன, மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டா அசனத்துக்கு வெங்காயம் உரிக்க?" என்று தங்கம் அக்கா கேட்டார். அந்தச் சிரிப்பில்தான் கதிர் காபிக்கு வந்து நின்றார். நான் யார் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. "அந்தப் பன்னெண்டு மாத்திரை அம்மா நீங்கதானா" என்று கேட்டுத் தலையைச் சொறிந்தார். அவர் அன்றைக்கு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்கு இன்னொரு வடை வைத்தேன். அவர் உன் விதிக்கு எதிராகப் போட்டவர் என்பதை மறைக்கவில்லை, உன்னிடமே சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்கு அந்தத் தைரியம் இல்லையே என்று அங்கேயே தோன்றியது.

நீ மேடைக்கு வந்து முடிவை வாசித்தபோது நான் கதவோரம் கரண்டியோடு நின்றேன். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஒன்று குறைகிறது என்று நீதான் வாசித்தாய். உன் பக்கம் பேசுகிற பிள்ளை ஒருவர் எழுந்து, யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் ஒரு பெண் போட முடியவில்லை, அவள் உனக்குத்தான் போடுவாள், ஓட்டுப் பெட்டி உன் கையில்தானே இருக்கிறது, ஒரு மணி நேரம் திறந்து விடு என்றார். நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நேரம் முடிஞ்சது முடிஞ்சதுதான். எனக்குச் சாதகம்னு தெரிஞ்ச பொறவு தொறந்தா, அப்புறம் அந்தப் பெட்டிய யாரும் நம்பமாட்டாங்க" என்றாய். அடுத்து என்ன பேச வேண்டுமோ அதற்குப் போய்விட்டாய். எஸ்தர், உன் பத்தாம் வகுப்பு மார்க்குக்கும், முதல் சம்பளத்துக்கும், உனக்குப் பிள்ளை பிறந்ததற்கும் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்குப் பட்டதற்கு அது எதுவும் கிட்டத்தில் வராது. தோற்கடித்தவளே கதவோரம் நின்று பெருமைப்பட்டாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "எதிரா போட்டவங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. கதிரும் மத்தவங்களும் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. ஆனா இன்னும் யாரோ ஒருத்தர் எங்கிட்ட பேசாமயே போட்டிருக்காங்க. எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாய். நான் ரசப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "இந்தப் பதிப்ப முடிச்சிக் குடுத்துட்டு நான் ஒதுங்கிக்கிடுதேன். இனிமே எனக்கு இங்க வேலை இல்ல" என்றும் சொன்னாய். நான் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தேன். மறுநாள் நீ பெங்களூருக்கு பஸ் ஏறும்போதுகூட, நான் கட்டிக் கொடுத்த தேங்காய்ச் சிப்பத்தைப் பற்றித்தான் பேசினேன்.

நேற்று கதிர் எனக்குப் போன் செய்தார். செயலியை நடத்துகிற உங்கள் ஐந்து பேர் குழுவுக்குத் தேர்தல் வருகிறது, இந்த ஞாயிற்றுக்கிழமையோடு பெயர் கொடுப்பது முடிகிறது, உன் பெயர் இல்லை என்றார். அவரவர் பெயரை அவரவர் கொடுக்க முடியாது, ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், நிற்பவர் சம்மதிக்க வேண்டும் என்பதும் நீ எழுதிய விதிதானாம். அவர் உன்னை முன்மொழிந்துவிட்டார். "வழிமொழிய ஆள் இல்லாம இல்லம்மா, பத்துப் பேர் நிக்காங்க. ஆனா எஸ்தர் மனசு மாறணும்னா அந்தப் பேரு நீங்களா இருந்தா நல்லாருக்கும்" என்றார். அவருக்கு என் ஓட்டைப் பற்றித் தெரியாது. நான் உடனே சரி என்று சொல்லவில்லை. முதலில் என் மகளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன்.

ராஜபாளையம் மில்லில் இருந்த வருஷங்களில், ஷிப்ட் முடிந்தால் எந்த மெஷினில் நூல் அறுகிறது என்று அடுத்து வருகிறவளிடம் சொல்லாமல் யாரும் வெளியே வந்ததில்லை. உனக்குத் தெரிந்தது இன்னும் எவ்வளவோ உன் தலைக்குள்ளேயே இருக்கிறது. அதை எழுதி வைக்காமல் போகக்கூடாது என்பது ஒன்று. அதைவிட, ஐந்து பேரில் ஒருத்தியாக உட்கார்ந்து, நாலு பேர் மறுத்தால் மறுத்ததை ஏற்றுக்கொண்டு, காகிதம் போனை விட்டு வெளியே போகக்கூடாது என்ற விதியைப் பேசிப் பேசி ஜெயிக்க வைக்க உன்னைவிட நல்ல ஆள் யாரும் இல்லை என்று நான் நினைக்கிறேன். அம்மா என்பதால் சொல்லவில்லை. ஓட்டுப் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று நீ சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன், அதனால் சொல்கிறேன்.

இன்றைக்கே உன் அப்பாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஸ்பீட் போஸ்டில் இதை அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்துவிடும். உனக்கு எதிராக ஓட்டுப் போட்டவள், போட்டதைச் சொல்லாமல் பாத்திரம் தேய்த்தவள் என்று தெரிந்த பிறகும், உன் பெயருக்குக் கீழே வழிமொழிபவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்க உனக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் போனில் ஒரு வார்த்தை சொல், அடுத்த நிமிஷம் எழுதிவிடுகிறேன்.

உன் அம்மா